கோதுமை போடாத சாம்பார்

காஹாங்
19 ஜூன் 2025

லோஷினிக்கு,

சுகமா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. என் நம்பர பிளாக் பண்ணிட்ட. அனுப்புறதுக்கெல்லாம் ஒத்த டிக்தான் நிக்குது. சரி, காகிதத்த பிளாக் பண்ண முடியாதுல்ல? தங்கராஜு அண்ணன் தினமும் குளுவாங்குல இருந்து மெர்சிங்குக்கு பஸ் ஓட்டுறாரு, நம்ம கடை முன்னாலதான் நிறுத்துறாரு. ஜெட்டி டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கிற என் தங்கச்சி கையில நேரா குடுங்கன்னு சொல்லி விட்டிருக்கேன். நீ வாங்காம அவர் நகர மாட்டாரு. பஸ் லேட்டானா பழி உனக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பதினாலு வருஷம் எஸ்டேட் கேன்டீன்ல அடுத்தவனுக்கு சமைச்ச பிறகு, போன ஞாயித்துக்கிழமைதான் எனக்குன்னு ஒரு கடை திறந்தேன். நாப்பது பேர் இலை போட்டு உக்காந்திருந்தாங்க. நீ வாசல்ல குனிஞ்சு வாந்தி எடுத்த. அதோட விட்டியா? அத்தன பேர் முன்னாலயும், "நீ வேணும்னே கோதுமைய கலந்துட்ட"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன. பாதிப் பேர் இலைய மூடிட்டு எழுந்திரிச்சாங்க. மறுநாள் செம்பனை எண்ணெய் மில்லு பூரா ஒரே பேச்சு, செல்வராணி கடையில சாப்பிட்டா வாந்தின்னு. திங்கட்கிழமை வடிச்ச சோறுல முக்காவாசி கோழிக்குப் போச்சு.

அன்னைக்கு என்ன சமைச்சேன் தெரியுமா? சோறு, சாம்பார், ரசம், உளுந்து வடை, பீட்ரூட், பயத்தங்காய், ஜவ்வரிசி பாயசம். இதுல கோதுமை எங்க இருக்கு? ரொட்டி சானாய் போடுற கல்ல ரெண்டு நாள் முன்னாடியே வெளிய தூக்கி வச்சுட்டேன். வடைக்குப் புது எண்ணெய். எல்லாம் உனக்காக. ஒன்பது வயசுல அம்மா போன பிறகு உனக்கு சோறு ஊட்டுன கை இது. அந்தக் கைய நம்பாம எப்படிப் பேசுன?

நீ கீழ சரிஞ்சப்போ நான் நடிப்புன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். ஒரு வாய் சாம்பாருக்கு யாராவது சுருண்டு விழுவாங்களா?

நீ திரும்ப இங்க வரணும். அதே கடையில, அதே ஆளுங்க முன்னால, என் சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லணும். அது வரைக்கும் எனக்குத் தங்கச்சி இல்ல.

செல்வராணி

*

மெர்சிங்
21 ஜூன் 2025

செல்வராணி அக்காவுக்கு,

தங்கராஜு அண்ணன் கவுண்டர் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தீவுப் படகுக்கு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நான் வர மாட்டேன். எதையும் யார் முன்னாலும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் இலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். என்னைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு வயிறு பலூன் மாதிரி உப்பியது. பிறகு முறுக்கிப் பிழிகிற வலி, வாந்தி. உங்கள் வீட்டுக் கழிப்பறைக்கு எட்டுத் தடவை போனேன். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டேன். காற்றுதான், சரியாகிவிடும் என்று சோடா கொடுத்தீர்கள். குடித்த சோடா நிமிடத்தில் திரும்ப வந்தது. வயிற்றில் எண்ணெய் தேய்த்தீர்கள். மதியத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சொட்டு சிறுநீர்கூட வரவில்லை. எழுந்து நின்றபோது கண் இருட்டியது. அதைத்தான் நடிப்பு என்றீர்கள்.

காளிதாஸ் அத்தான்தான் கடைசியில் என்னைத் தூக்கி, செம்பனைக் குலை ஏற்றியிருந்த லோரியிலேயே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இரண்டு பாட்டில் தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கும் என்றார் டாக்டர். அதையும் நான் நடித்தேனா?

ஏழு வருஷம் எல்லாக் கிளினிக்கிலும் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். நாற்பத்தொரு கிலோவுக்கு இளைத்த பிறகுதான் ஒருவர் இரத்தம் சோதித்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, இது சீலியாக் என்றார். கோதுமை, பார்லி இரண்டிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அரிக்கிறது. ஒரு துணுக்கு போதும். ரொட்டியே தின்ன வேண்டும் என்றில்லை. இதை உங்களுக்கு நான் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். நீங்கள் தலையாட்டினீர்கள். கேட்கவில்லை.

உங்கள் சாம்பாரில் கோதுமை இருந்தது. எனக்கு வயிறு சொன்னது. சந்தேகம் இருந்தால் உங்கள் அடுக்களையில் இருக்கிற ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படியுங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

லோஷினி

*

காஹாங்
24 ஜூன் 2025

லோஷினிக்கு,

என்ன புதுசா நீங்க, வாங்க, போங்க? நாலு காலுல தவழ்ந்தப்போ என் பாவாடைய இழுத்துக்கிட்டு அலைஞ்சவ நீ. கோபம்னா நேரா நீன்னே திட்டு. மரியாதை குடுத்து அடிக்காத.

படிக்கச் சொன்னல்ல, படிச்சேன். உன் மூஞ்சியில கரி பூசணும்னே நேத்து மூனு மணிக்குக் கடைய மூடி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். மஞ்சத்தூள், மிளகாத்தூள், சாம்பார் தூள், புளி, பருப்பு, உப்பைக்கூட விடல. உங்க அத்தான் பக்கத்துல நின்னு, பரீட்சைக்குப் படிக்கிறியான்னு சிரிச்சாரு. ஒவ்வொன்னும் சுத்தம். உனக்கு எழுத வேண்டிய வார்த்தையெல்லாம் மனசுக்குள்ள அடுக்கி வச்சுக்கிட்டேன்.

கடைசியா பெருங்காய டப்பா. நான் திருப்பக்கூட இல்ல, பெருங்காயத்துல என்ன இருக்கப் போகுதுன்னு. அத்தான்தான் எடுத்துப் படிச்சாரு. எறும்பு சைசு எழுத்து. ரெண்டாவது பேரே தெப்போங் கண்டும். கோதுமை மாவு.

நான் அரிசி மூட்டை மேல உக்காந்துட்டேன். சாம்பார்ல அது, ரசத்துல அது, வடை மாவுல ரெண்டு கரண்டி. என் கை தாராளம்னு உனக்கே தெரியும். நீ அன்னைக்கு மூனு வடை தின்ன.

இந்த டப்பாவ குப்பையில வீசிட்டு, எல்லாம் சுத்தம்னு உனக்கு எழுதியிருக்கலாம். உனக்குத் தெரியவே தெரியாது. அந்த மாதிரி வேலை எனக்கு வராது. அதனால உள்ளத உள்ளபடி எழுதுறேன். இருந்துச்சு. ஆனா நான் போடல, டப்பாவுல இருந்தது. நீயும்தான் ரெண்டு வருஷமா அட்டை அட்டையா படிக்கிற, உனக்கும் இது தெரியல. அப்புறம் எப்படி வேணும்னே போட்டேன்னு சொல்லலாம்? அந்த ஒரு வார்த்தைய வாபஸ் வாங்கு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.

செல்வராணி

*

மெர்சிங்
28 ஜூன் 2025

அக்கா,

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ வேண்டுமென்று போடவில்லை. வலியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது தப்பு. எனக்கும் பெருங்காயம் தெரியாது. ரொட்டி, மீ நூடுல்ஸ், கிச்சாப் சோயா சாஸ், பிஸ்கட் எல்லாம் பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவே இல்லை. வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் நாளிலெல்லாம் ஏன் வயிறு கனக்கிறது என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் இருக்கிறதாம். தேடிப் பார்.

நீ அந்த டப்பாவை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் நடிப்பு என்று சொன்னாயே, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. டப்பா சொல்லவில்லை, நீ சொன்னாய். அதை நீ வாபஸ் வாங்குகிற வரை நான் காஹாங்கில் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன்.

இன்னொன்று. யாருக்கும் இனிமேல் நீ சோடா கொடுத்து முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன், கிழித்துப் போடாதே.

தெரியாமல் குளூட்டன் உள்ளே போய்விட்டால் உப்பல், வலி, வயிற்றுப்போக்கு, தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி அசதி எல்லாம் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். அதற்கு மருந்து இல்லை. உப்புக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, படுத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்போது பயப்பட வேண்டாம். ஆனால் குடிக்கிற தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றால், அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை அல்லது எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், உடனே கிளம்ப வேண்டும். மலத்தில் இரத்தம் இருந்தாலோ கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி ஒரே இடத்தில் நின்று கடுமையானாலோ, அதைக் குளூட்டன் கணக்கில் எழுதிவிட்டு உட்காரக் கூடாது. நாள் கடந்தும் அடங்காவிட்டாலும், உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான். இதற்குக் கண்ணாடி தேவையில்லை, பெரிதாக எழுதியிருக்கிறேன்.

லோஷினி

*

காஹாங்
6 ஜூலை 2025

லோஷினி,

உன் காகிதத்த அடுப்புக்கு மேல ஒட்டிட்டேன். அங்க ஒட்டுனா எண்ணெய் படியும்னு அத்தான் சொன்னாரு, அதுக்கு மேல பிளாஸ்டிக் போட்டு ஒட்டுனேன். தினமும் சாம்பார் கொதிக்கிறப்போ கண்ணுல படுது. மனப்பாடமே ஆயிருச்சு.

பெருங்காயம் மாத்தியாச்சு. கடை வாசல்ல ஒரு போர்டும் எழுதி மாட்டியாச்சு. அன்னைக்கு இங்க ஒரு பொண்ணுக்கு முடியாம போச்சு, காரணம் பெருங்காயத்துல இருந்த கோதுமை, மத்தவங்களுக்கு அது ஒன்னும் செய்யாது, இப்ப அதையும் மாத்திட்டோம்னு. அத்தான், உன் குத்தத்த நீயே ஏன் எழுதி மாட்டுறன்னு கேட்டாரு. என் குத்தம்னா நான்தான எழுதணும், வேற யாரு எழுதுவா? ஆளுங்க வந்து படிக்கிறாங்க, படிச்சிட்டு உள்ள வந்து உக்காந்து சாப்பிடுறாங்க. மில்லுல கணக்கு எழுதுற கிராணி ஹேமநாதன் மட்டும், அட அலமாக், நம்ம அப்பன் பாட்டன் காலத்துல இல்லாத வியாதியான்னு சத்தமா சிரிச்சாரு. அந்தக் காலத்துல இதால செத்தவங்களுக்கு யாரு பேரு வச்சாங்கன்னு கேட்டேன். அப்புறம் அவர் ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போனாரு.

அந்த இன்னொரு வார்த்தைய காகிதத்துல வாபஸ் வாங்க மாட்டேன். நேர்ல வா, நேர்ல பேசலாம். நான் இப்படித்தான், உனக்குத் தெரியும்.

செல்வராணி

*

மெர்சிங்
22 ஜூலை 2025, காலை

அக்கா,

சின்னக் கடிதம்தான், உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டில் வறுத்துப் பிரட்டிய சோறு சாப்பிட்டேன். கிச்சாப் ஊற்றவில்லை என்றாள். ஊற்றியிருப்பாள் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. நேற்று வேலைக்குப் போகவில்லை. இந்தத் தடவை வயிற்றுப்போக்கு இல்லை, வலி மட்டும் வலது பக்கம் கீழே போய் நிற்கிறது. நடந்தால் குத்துகிறது. இலேசாகக் காய்ச்சல், பசியே இல்லை.

டாக்டரிடம் போகத் தோன்றவில்லை. போனால் கேஸ்ட்ரிக் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் என் வியாதியை நானே அவர்களுக்குப் பாடம் நடத்தி, அவர்கள் நம்பாமல் என்னைப் பார்க்கிறதைப் பார்த்துச் சலித்துவிட்டது. நாளைக்குள் அடங்கிவிடும். எனக்கு என் உடம்பு தெரியும்.

தங்கராஜு அண்ணன் அறை வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போகிறார், நேற்று ஜெட்டிப் பக்கம் என்னைக் காணோம் என்று கேட்டு வந்தாராம். உனக்குத்தான் உளவு பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

லோஷினி

*

மெர்சிங்
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ கிளம்பி இரண்டு நாளாகிறது. அறையில் சத்தமே இல்லை. நேரில் இருந்தபோது தலையணையைச் சரி செய்வதற்கும் கஞ்சிக்கும்தான் சண்டை போட்டோம். இதையெல்லாம் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்று என் கடிதம் உன் கைக்கு வந்தது பத்து மணிக்காம். பதினொன்றரைக்கு நீ என் அறைக் கதவைத் தட்டினாய். அடுப்பில் கொதித்த சாம்பாரை அப்படியே அணைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அத்தான் லோரியில் ஏறி வந்தாயாம். எனக்குக் கதவைத் திறக்கவே நேரமானது. நீ நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கே வலி, விரல் வைத்துக் காட்டு என்றாய். காட்டினேன். கிளம்பு என்றாய்.

பக்கத்துக் கிளினிக்கில் அந்த இளம் டாக்டர் என் பழைய சீட்டில் சீலியாக் என்று படித்ததுமே, ஏதாவது தப்பாகச் சாப்பிட்டிருப்பாள், வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று மாத்திரை எழுதினார். நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், எழுந்து போவதுதான் சுலபம். நீ எழுந்திருக்கவில்லை. உன் அரைகுறை மலாயில், குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"அவ கோதுமை வலி எனக்குத் தெரியும் டாக்டர். அது வயிறு பூரா முறுக்கும், வயித்தால போகும். இது ஒரே இடத்துல நிக்குது, காய்ச்சல் அடிக்குது. என் தங்கச்சி நடிக்கிறவ இல்ல. அவ வலிக்குதுன்னா வலிக்குது. திரும்பப் பாருங்க, இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. அது வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நீ எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கையை எடுத்தபோது நான் கத்தினேன். உடனே கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஆபரேஷன். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது என்றார்கள். ஒரு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

எனக்கு என் உடம்பு தெரியும் என்று எழுதினேன். தெரியவில்லை. எல்லாவற்றையும் குளூட்டன் மேல் போட்டுப் பழகிவிட்டேன். நானே கைப்பட எழுதிக் கொடுத்ததை நீ படித்திருந்தாய், நான்தான் மறந்துவிட்டேன்.

நீ டாக்டரிடம் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் போதும். காஹாங்கில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். உன் நம்பரையும் திறந்துவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. வார்டில் என்னைப் பார்த்த டாக்டர் செளந்தர்யா, நீ மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி நின்றதைக் கவனித்தார். இது இரத்த சொந்தத்தில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும், உன் அக்கா வெளுத்துப் போயிருக்கிறார் என்றார். சோதனை முடிகிற வரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினால் முடிவு பொய்யாக வருமாம். போய்ச் சோதித்துக்கொள். வாட்சப்பில் சொன்னால் சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டு ஓடிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

உன் லோஷினி

*

காஹாங்
7 ஆகஸ்ட் 2025

லோஷினி,

எனக்கு ஒன்னும் இல்ல. நாப்பத்தி நாலு வயசு ஆச்சு, தினமும் ரொட்டி சானாய் சாப்பிடுறேன், ஒரு நாள் வாந்தி எடுத்தது இல்ல, வயித்தால போனது இல்ல. மூச்சு வாங்குச்சுன்னா குண்டா இருக்கேன், அதான். இரத்தம் கம்மின்னு இருபது வருஷமா சொல்றாங்க, இரும்பு மாத்திரை தின்னுக்கிட்டே இருக்கேன், ஏறவே மாட்டேங்குது. அடுப்புகிட்ட நிக்கிற பொம்பளைக்கு அசதி வராம என்ன வரும்?

நான் ஊசி குத்தி இரத்தம் குடுக்க மாட்டேன். தையல் இழுக்காம படு. குனிஞ்சு எதையும் தூக்காத.

செல்வராணி

*

மெர்சிங்
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை டாக்டர் செளந்தர்யாவுக்குப் படித்துக் காட்டினேன். இருபது வருஷமாக இரும்பு மாத்திரை தின்றும் இரத்தம் ஏறாததே ஒரு அறிகுறி என்றார். வயிற்றுப்போக்கே இல்லாமலும் இது இருக்குமாம்.

நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். இப்போது நான் சொல்கிறேன். நீ சோதிக்கிற வரை உன் சமையலில் ஒரு பருக்கை தொட மாட்டேன். தீபாவளிக்கு வருவேன், உன் கடையில் உட்காருவேன், எல்லார் முன்னாலும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு உன்னைக் கை காட்டுவேன்.

லோஷினி

*

காஹாங்
14 செப்டம்பர் 2025

லோஷினி கண்ணு,

இத போன்ல சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பிச்சா குரல் உடையுது, அதனால பழையபடி தங்கராஜு அண்ணன்கிட்டயே குடுக்குறேன்.

போன மாசக் கடைசியில இரத்தம் குடுத்தேன். உன் மிரட்டலுக்குப் பயந்து இல்ல, வெறும் இலை முன்னால உன்னை உக்கார வச்சா ஹேமநாதன் சிரிப்பாருன்னுதான். வியாழக்கிழமை முடிவு வந்துச்சு. எனக்கும் அதுதான். உன்னுதவிட அளவு ஜாஸ்தியாம். இனிமே குழாய் விட்டுப் பாத்து உறுதி பண்ணணும், அக்டோபர் எட்டாம் தேதி போட்டுருக்காங்க.

முடிவு சொன்ன லேடி டாக்டர் நிறைய கேட்டாங்க. கடைசியா, பிள்ளை தங்காம போயிருக்கான்னு கேட்டாங்க. மூனு தடவைன்னு சொன்னேன். பேனாவ வச்சுட்டு என்னை நிமிந்து பாத்தாங்க. இதனாலதானான்னு கேட்டேன். இருக்கலாம், ஆனா உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. சும்மா ஆறுதலுக்குன்னு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அத்தான்கிட்ட சொன்னேன். லோரிய வாசல்ல நிறுத்தினபடியே விட்டுட்டு, என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. வேலைக்குப் போகல. கல்யாணம் ஆனதுல இருந்து அவங்க வீட்டுல என்னை என்னென்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும், நீ சின்னப் பொண்ணா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டிருக்க. சாபம்னாங்க, தோஷம்னாங்க, இவ வயிறு சரியில்லன்னாங்க. ஒருத்தர்கூட இரத்தம் குடுத்துப் பாருன்னு சொன்னது இல்ல. நானும் அவங்க சொன்னத நம்பிட்டேன். உன்னை நடிப்புன்னு சொன்னேனே, என்னை நான் அதைவிட மோசமா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரு நாள் பூரா அழுதேன். ஒரு நாள் போதும். நேத்து காலையில வழக்கம்போல நாலரைக்கு எழுந்திரிச்சு கடைய திறந்தேன். போர்டுல இன்னொரு வரி சேத்துருக்கேன், இந்தக் கடைக்காரிக்கும் அதே வியாதி, யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா உள்ள வந்து கேக்கலாம்னு. மாமியார் வீட்டுப் பக்கம் இருந்து போன் வந்துச்சு, இத ஊர் பூரா எழுதி மாட்டணுமான்னு. ஆமா, மாட்டணும். தோஷம்னு ஊர் பூரா சொன்னது அவங்கதான, இதையும் ஊர் தெரிஞ்சுக்கட்டும்னு சொல்லிட்டு வச்சேன். தீபாவளி பலகாரம் இந்த வருஷம் முழுக்க அரிசி மாவு, கடலை மாவுலதான். முறுக்கு, அதிரசம் எல்லாம் நீ தைரியமா தின்னலாம்.

எட்டாம் தேதி லீவு போட்டு வா. எனக்குப் பயம் இல்ல, ஆனா நீ பக்கத்துல இருக்கணும். அவங்க ஏதாவது அரைகுறையா சொன்னா, நாற்காலிய விட்டு எழுந்திரிக்காத.

அது வரைக்கும் கோதுமைய நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க, நிறுத்துனா குழாய்ல ஒன்னும் தெரியாதாம். அதனால தினமும் காலையில ரெண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு ஊத்தி, எனக்குப் பிடிச்ச மாதிரி முறுகலா. இன்னும் இருபத்தி நாலு நாள் இருக்கு. ஒரு நாளும் விடப் போறதில்ல, யாரும் கேக்கவும் முடியாது. அத்தான் கல்லுல போட்டுக் குடுத்துட்டு, பக்கத்துல நின்னு நான் தின்னுறதயே பாத்துக்கிட்டு இருக்காரு.

எழுதுனது போதும். ரொட்டி ஆறுது.

அக்கா